பதினொன்று, இடமிருந்து வலம்

கடைசிப் பக்கம் பிளேட்டுக்குப் போக இரவு இரண்டு மணி.
மரண அறிவித்தல்களில் ஒரு கால், ஒரு கொம்பு விட்டுப்போகாமல்
கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை தடவிவிட்டு
சைக்கிளை எடுப்பேன்.
கஸ்தூரியார் வீதியில் அந்நேரம்
நகைக்கடைக் கதவுகளும் இரண்டு நாய்களும்தான்.

மூன்றரைக்கு நித்திரை.
நல்லூர் மணி அடிக்க ஒரு விழிப்பு.
பாண்காரனின் ஓட்டோ அதே மெட்டோடு
ஒழுங்கைக்குள் திரும்ப இன்னொன்று.
மனிசி கச்சேரிக்குப் போக எழும்பிய சூட்டுக்குள்
உருண்டு படுப்பேன்.
ஒரே பள்ளம், இரண்டு ஷிப்ட்.

இந்தத் துண்டு நித்திரையில்தான்
ஞாயிறு மலரின் குறுக்கெழுத்து நிரம்பும்.
நான் நிரப்புவதில்லை.
வெறும் கட்டங்களோடு படுப்பேன்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
வெயில் நுளம்புவலையில் ஏறும்போது
யாரோ அதற்குள் நடந்து திரிவார்கள்.
ஒருநாள் பண்ணைப் பாலத்தில் நின்ற மாடு
என்னைப் பார்த்து 'கடவை' என்றது, தெளிவாக.
மேலிருந்து கீழ், மூன்று.

"இப்படிப் படுத்தால் நெஞ்சு தாங்காது" என்றார் டொக்டர்.
ஒரு மாதம் லீவு. வெள்ளைக் குளிசை.
பத்துக்கு விழுந்தால் ஆறுக்கு எழும்பினேன்.
நடுவில் ஒன்றுமில்லை.
கிணற்றில் போட்ட கல்
தண்ணியைத் தொட்ட சத்தம்கூட இல்லை.
அந்த மாதம் நான் கட்டிய கட்டங்களில்
பசு பால் தந்தது,
சூரியன் கிழக்கே உதித்தது.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சரியாக நிரப்பி அனுப்பினார்கள்.
ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் மோசம்.

குளிசையை லாச்சிக்குள் போட்டேன்.
வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள் காலை
கரண்ட் போய், ஃபேன் ஓய்ந்த அந்த ஒரு கணம்:

சிமிழல்.

தலையணைக்குக் கீழே பென்சில். கண் திறக்காமல் எழுதினேன்.
பதினொன்று, இடமிருந்து வலம்.
விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்குள் நிற்கும் வெளிச்சம். நான்கு எழுத்து.
மேலிருந்து வந்த 'மின்மினி'யின் மியும்
'மழலை'யின் ழவும்
பூட்டுக்குள் திறப்புப் போல் உட்கார்ந்தன.

விடை வெளியான ஞாயிறு
அளவெட்டியிலிருந்து மயில்வாகனம் மாஸ்டர் போன்:
"தம்பி, சிமிழ் இருக்கு. சிமிழ்த்தல் இருக்கு.
சிமிழல் எங்கை இருக்கு?"
கந்தோரில் கிடந்த அகராதியெல்லாம் விரித்தேன்.
எங்கையும் இல்லை.
திருத்தம் போடு என்றார் ஆசிரியர்.

எழுத முன்
வந்த கடதாசிகளை மேசையில் கொட்டினேன்.
நாற்பத்தொன்று.
பன்னிரண்டில் அந்த இடம் வெறுமை.
இருபத்தெட்டில்
'தமிழன்'.

மி சரி. ழ சரி. எழுத்தும் நான்கு.
விளக்கையும் வெளிச்சத்தையும் ஒருவரும் வாசிக்கவேயில்லை,
அல்லது
வாசித்துவிட்டுத்தான் எழுதினார்களோ.
முதலில் சிரித்தேன்.

மிச்சம் ஒன்று.
குருநகர், ஐஸ் பக்டரி, செ. மரிஸ்டெலா.
பெட்டிக்குள் 'சிமிழல்' என்று குண்டெழுத்து.
ஓரத்தில், ஈரம் பட்டு ஊறிய நீல மையில்:
"ஐயா, எனக்கு இரவு வேலை.
இந்தச் சொல்லை முந்திக் கேட்டதில்லை,
ஆரும் சொல்லித் தந்ததுமில்லை.
விடிய வந்து படுத்தால்
கண்ணுக்குள்ளை ஐஸ் வெள்ளையாய் நிக்கும்.
நித்திரைக்கு முன்னம் அது கொஞ்சம் ஆடும்.
அதுக்கு வேறை என்ன பேர் இருக்கேலும்?"

திருத்தம் எழுதவில்லை.
பரிசு இருநூறு ரூபாவை உறையிலிட்டு
முகவரியை இரண்டு தரம் சரிபார்த்தேன்,
மரண அறிவித்தலைப் பார்ப்பது போல.
பிறகு மேசை விளக்கை அணைத்துவிட்டு
அப்படியே கொஞ்சநேரம் நின்றேன்.

அடுத்த கிழமைக்கு
இன்னும் பதினேழு கட்டம் வெறுமை.